சித்திக்கு நீ அனுப்பிய சேலை

செல்வம்,

நலமா என்று கேட்டுத் தொடங்கினால், "முந்தாநாள்தானம்மா போன்ல பேசுனோம்" என்று சிரிப்பாய். போனில் பேசியது போதவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். நீ பேசும்போது பின்னால் உன் கம்பெனித் தையல் மெஷின்கள் ஓடுகின்றன. இங்கே குழாயில் தண்ணீர் வந்துவிட்டதென்று தெருவே கத்துகிறது. நான் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறேன். தாளில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. உன் கல்யாணத்துக்கு முன்னால் உனக்குத் தெரிய வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அது உன் சித்தியைப் பற்றியது. அவள் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று சொன்னதையும், ஏன் சொன்னாள் என்பதையும் வேறு யாரும் உனக்குச் சொல்லப்போவதில்லை.

நீ அனுப்பிய பார்சலை லாரி ஆபீசிலிருந்து உன் அப்பாதான் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி சேலை. சாயமே போடாத துணி, வெடித்த பருத்தியை அப்படியே நூற்று நெய்தது போல ஒரு பழுப்பு வெள்ளை, முந்தியில் மெல்லிய கோடு. எனக்குப் பிடித்திருந்தது. கையில் எடுத்தால் கனம் தெரியவில்லை. மருந்தடிக்காத பருத்தி, கைத்தறியில் நெய்தது, இதற்காக ஆற்றில் ஒரு சொட்டுச் சாயத்தண்ணீர் விழவில்லை, மண்ணில் போட்டால் மண்ணாகிவிடும் என்று நீ போனில் சொன்னதை எல்லாம் வந்தவர்களிடம் நானும் பெருமையாகச் சொன்னேன். கல்யாணத்துக்கு வெள்ளையா என்று பக்கத்து வீட்டுக்காரி முகத்தைச் சுளித்தாள். நான் கண்டுகொள்ளவில்லை.

சித்தி மட்டும் சேலையைப் பிரித்து மடியில் விரித்து ஓரம் ஓரமாகப் பார்த்தாள். அப்புறம் மடித்து என்னிடம் கொடுத்தாள். "யக்கா, நான் என் பூனம் சேலையில ஒண்ணக் கட்டிக்கிட்டு வாறேனே. அந்த நீலம் நல்லாத்தான இருக்கு" என்றாள். அதை உன்னிடம் சொன்னதுதான் நான் செய்தது. நீ என்ன பதில் சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? "சித்திக்கு மினுமினுன்னு இருந்தாப் போதும்மா. பிளாஸ்டிக்கச் சுத்திக்கிட்டு வந்து நிக்கட்டும், எனக்கென்ன" என்றாய். நம் போன் சத்தமாகப் பேசும் போன். சித்தி பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். உரித்து முடித்துத் தோலைக் கூட்டிப் போட்டுவிட்டு, "நீங்க எல்லாரும் போயிட்டு வாங்கக்கா. நான் இங்கன வீட்டப் பாத்துக்கிடுதேன்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் சமாதானம் செய்திருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள்.

நீ மனதறிந்து புண்படுத்துகிறவன் இல்லை. நான் வேலைக்குப் போனபோது உன்னை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள். தனக்கென்று பிள்ளை இல்லாததை அவள் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை, ஏனென்றால் நீ இருந்தாய். உனக்கும் அவளென்றால் உயிர். ஆனால் அவளுக்குத் துணி என்றால் என்னவென்று உனக்குத் தெரியாது. அது உன் குற்றம் இல்லை, நாங்கள் சொல்லவில்லை.

நானும் அவளும் ஆமத்தூரில் பிறந்தவர்கள். உன் தாத்தாவும் ஆச்சியும் அடுத்தவர் கரிசக்காட்டில் கூலிக்குப் போனவர்கள். பருத்தி எடுப்பு வந்தால் நாங்களும் மடி கட்டிக்கொண்டு போவோம். நாள் முழுக்கப் பஞ்சு எடுத்த கைக்கு நல்ல நூல் துணி வாய்த்ததில்லை. எங்கள் அம்மா உடுத்தியது நிலத்துக்காரர் வீட்டில் பொங்கலுக்குக் கொடுக்கும் முரட்டுச் சேலை. இரண்டு மாதத்தில் சாயம் போய், அழுக்கா நிறமா என்று தெரியாத ஒரு வெளுப்புக்கு வந்துவிடும். வரப்பில் தூரத்தில் வரும்போதே கூலியாள் வருகிறாள் என்று அந்தச் சேலை சொல்லிவிடும். முகம் பார்க்க வேண்டியதே இல்லை. யார் வேண்டுமானாலும், எந்த வயதுக்காரர் வேண்டுமானாலும், "ஏய், இங்கன வா" என்று கூப்பிடலாம்.

தாத்தா பருத்திக்கு மருந்தடிக்கப் போவார். வெற்றுடம்பு, மூக்கில் ஒரு துண்டு, அவ்வளவுதான். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது, கண் சிவந்து திண்டாடுவார். சோப்புப் போட்டுக் குளித்தாலும் மறுநாள் வரை அந்த வாடை போகாது. நம் பக்கத்தில் மருந்து என்ற ஒரே சொல் மூன்றுக்கு வரும். காட்டில் பூச்சிக்கு அடிப்பதும் மருந்து, ஆலையில் வெடிக்குள் அடைப்பதும் மருந்து, ஆஸ்பத்திரியில் கொடுப்பதும் மருந்து. நம் வீட்டு ஆட்கள் மூன்றையும் பார்த்தாகிவிட்டது. அதனால்தான் மருந்தடிக்காத பருத்தியில் குழந்தைகளுக்குச் சட்டை தைக்கும் கம்பெனியில் நீ வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குச் சம்பளம் எவ்வளவென்று கேட்கத் தோன்றவில்லை. உன் தாத்தா இருந்திருந்தால் அந்தத் துணியை ஒருதரம் மோந்து பார்த்திருப்பார் என்றுதான் தோன்றியது. நீ செய்கிற வேலையை நான் சின்னதாக நினைக்கிறேன் என்று இந்தக் கடிதத்தில் எந்த இடத்திலும் நினைத்துவிடாதே.

மழை தவறிப்போய் நாங்கள் பட்டாசு ஆலைக்கு, வெடியாபீஸ் வேலைக்கு வந்தோம். முதல் சம்பளத்தில் உன் சித்தி சைக்கிள் வியாபாரியிடம் வழவழவென்று ஒரு நைலக்ஸ் சேலை வாங்கினாள். மயில்கழுத்து நிறத்தில் வெள்ளைப் பூ. அடுத்த முகூர்த்தத்தில் நிலத்துக்காரர் வீட்டுக் கல்யாணம். அவளும் அதைக் கட்டிக்கொண்டு வந்தாள். வாசலில் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்த அந்த வீட்டம்மா அவளை ஏற இறங்கப் பார்த்து, "வாம்மா, வா. எந்த ஊருல இருந்து வாறீக?" என்று கேட்டார். தன் காட்டில் பருத்தி எடுத்த பிள்ளையை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. சித்தி பதில் சொல்லாமல் சந்தனத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய், நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த வீட்டில் அதுவரை எங்களில் யாரும் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. திரும்பி வரும்போது வழி முழுக்கச் சிரித்தாள். "எக்கா, வாறீகன்னு சொன்னாக்கா! எனக்கு வாறீக!"

நீ பிளாஸ்டிக் என்று சொன்னது அந்த மாதிரிச் சேலையைத்தான்.

பிறகு எங்கள் ஆலையில் எல்லாப் பெண்களும் அந்த வகைதான். நைலக்ஸ் போய்ப் பூனம் வந்தது, அதுவும் பஞ்சே சேராத மினுக்குத் துணிதான். வேலை முடிந்து வந்தால் உடம்பெல்லாம் மருந்துத் தூள், வெள்ளித் தூள். தினமும் துவைத்தாக வேண்டும். குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத ஊரில் நூல் சேலையை அலசுவதற்கே நாலு குடம் கேட்கும். பூனம் சேலை அரைக்குடத்தில் அலசி உதறினால் சோறு வேகும் முன் காய்ந்துவிடும். கஞ்சி வேண்டாம், இஸ்திரி வேண்டாம், நிறம் மங்காது. நூல் துணிதான் கட்ட வேண்டும், இதெல்லாம் பொறிக்கு ஆகாது என்று போர்மேன் சொல்லாமல் இல்லை. இன்ஸ்பெக்சன் வருகிற அன்றைக்கு மட்டும் பழைய நூல் சேலை ஒன்றை எடுத்துச் சுற்றிக்கொண்டு போவோம். தீபாவளிக்குக் கம்பெனியில் கொடுக்கிற சேலையே பூனம் சேலைதான், பிறகு எங்களை மட்டும் என்ன சொல்வது.

நீ பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த சமயம் அது நடந்தது. நல்ல வெயில் காலம், சீசனுக்குச் சரக்கு ஏறிக்கொண்டிருந்தது. நானும் சித்தியும் எங்களோடு வேலை பார்த்த லட்சுமியக்காவும் மருந்து அடைத்த புஸ்வாணப் பூச்சட்டிகளைத் தட்டில் அடுக்கிக் காயவைக்கும் மேடைக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தோம். பக்கத்து அறையில் மருந்து பொறி தட்டியது. உள்ளே இருந்தவர்கள் கதவுக்கு வெளியே பாய்ந்துவிட்டார்கள், யாருக்கும் உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கதவு வழியாகப் பொறி மழையாக வந்தது. லட்சுமியக்கா மேலும் விழுந்தது, சித்தி மேலும் விழுந்தது. லட்சுமியக்கா அன்றைக்குக் கட்டியிருந்தது நூல் சேலை. நூலும் எரியத்தான் செய்யும், செல்வம். அக்கா சேலையில் தீ பிடித்தது, அவள் உருவி எறிந்துவிட்டு மணலில் புரண்டாள், கையில் கொஞ்சம் சுட்டதோடு போயிற்று. சித்தியின் சேலையில் பெரிதாகத் தீயே தெரியவில்லை. சுருங்கியது. மெழுகு மாதிரி இளகி, அவள் வலது கையிலும் தொடையிலும் ஒட்டிக்கொண்டது. உருவ முடியவில்லை. நான் ஓடிப்போய் முந்தியைப் பிடித்து இழுத்தேன். அவள் கத்திய கத்தலில் விட்டுவிட்டேன். துணியோடு தோலும் வந்தது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்சு அந்தத் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக இடுக்கியால் எடுத்தார். ஒவ்வொரு நாள் காலையிலும் எடுக்க எடுக்க இன்னும் இருந்தது. பச்சைப் பூப் போட்ட துணி. புண்ணுக்குள் இலை ஒன்று, காம்பு ஒன்று என்று தெரியும். உனக்குப் பரீட்சை. "புள்ளைக்குச் சொல்லாதக்கா, எழுந்திரிச்சு ஓடியாந்திருவான்" என்று அவள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கையில் சின்னதாகச் சுட்டுவிட்டது என்று உனக்குச் சொன்னோம். நீ லீவுக்கு வரும்போது அவள் நடமாடிக்கொண்டிருந்தாள். நீயும் நம்பிவிட்டாய்.

அந்த வருடம் மழைக்காலம் தொடங்குவதற்குள் அவள் மறுபடி வேலைக்கு வந்தாள். லேபிள் ஒட்டும் பகுதியில் போட்டார்கள். தீபாவளிக்கு ஆலை மூடுகிற அன்று மேனேஜர் மேசை போட்டு ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிச் சேலையும் ஸ்வீட் பாக்ஸும் கொடுத்துக்கொண்டிருந்தார். சித்தி முறை வந்தது. சேலையைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தாள். மேசையிலேயே வைத்தாள்.

"இது வேண்டாங்கய்யா."

"ஏம்மா, கலர் பிடிக்கலையா? வேற மாத்திக்கோ."

"கலரு நல்லாத்தான் இருக்கு. நூல் சேலையாக் குடுங்க."

மேனேஜர் நல்ல மனிதர்தான். "நூல்ல குடுத்தா நீங்கதானம்மா மொத ஆளா மூஞ்சியத் தூக்குவீக? போன வருசம் கேட்டப்ப சாயம் போகும், சுருங்கும்னு சொன்னது யாரு?" என்றார்.

"நாங்கதான். நூல்னா எங்களுக்கு நீங்க எதக் குடுப்பீகன்னு தெரியும்லா, அதான் அப்பிடிச் சொன்னோம்" என்றாள் சித்தி. "சாக்கு மாதிரி ஒண்ணக் குடுத்தா யாரு கட்டுவா? உங்க வீட்டு அம்மா கோயிலுக்குக் கட்டிட்டு வாறாகள்லா, செவப்புல, கரை வச்சு, அந்த மாதிரிக் குடுங்க. கட்டுதமா இல்லையான்னு பாருங்க."

மேனேஜர் முகம் சிவந்துவிட்டது. நான் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தேன், வேலை போய்விடுமே என்று பயம். அதற்குள் லட்சுமியக்கா முன்னால் வந்து தன் சேலையையும் மேசையில் வைத்தாள். "அம்புட்டு வெல ஆகும்னா அந்த ஸ்வீட் பாக்ஸ நிப்பாட்டிருங்க. நாங்க வீட்டுல அதிரசம் சுட்டுக்கிடுதோம்" என்றாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டு ஒவ்வொருவராகச் சேலையை மேசையில் வைத்தார்கள். எல்லோரும் இல்லை. பாதிப்பேர் வாங்கிக்கொண்டுதான் போனார்கள், பிள்ளைகளுக்குப் பாவாடை தைக்க ஆகுமே. ஆனால் மேசையில் ஒரு குவியல் சேர்ந்துவிட்டது. முதலாளி வரைக்கும் போக அது போதும்.

மறுவருடம் முதலாளி வீட்டம்மாவே அருப்புக்கோட்டைக்குப் போய்த் தறிக்காரர்களிடம் சொல்லி வாங்கி வந்தார். அரக்கு, பச்சை, கத்தரிப்பூ நிறம், விரல் அகலத்துக்குக் கரை. ஸ்வீட் பாக்ஸ் இல்லை. கதை இதோடு முடிந்தது என்று நினைக்காதே. அத்தனை நல்ல சேலையை யார் வேலைக்குக் கட்டுவார்கள்? எல்லோரும் பத்திரமாகப் பெட்டியில் வைத்துவிட்டு, பழையபடி பூனம் சேலையில்தான் வந்தார்கள். உன் சித்திக்கு வந்த கோபத்தைப் பார்த்திருக்க வேண்டும். கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, உள்ளே வருகிற ஒவ்வொருத்தியையும், "அந்தக் கரை வச்சத சீமந்தத்துக்கா வச்சிருக்க?" என்று பிடித்தாள். அது ஒன்றும் பலிக்கவில்லை. நடந்தது வேறு. அடுத்த தீபாவளிக்குப் புதுச் சேலை வந்ததும் முந்தின வருடத்துச் சேலை பழசாகிவிட்டது, பழசு வேலைக்கு வந்தது. நூல் சேலை துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும், வெயிலில் உடம்பைப் புழுங்கவிடாது, கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரிந்துபோயிற்று. தண்ணீர்தான் கூடுதலாகச் செலவாயிற்று. அதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டேதான் துவைத்தார்கள். இப்போது எங்கள் ஆலை முற்றத்தில் எல்லோரும் நூல் துணிதான். இளவட்டப் பிள்ளைகள் சுடிதாரும் நூலில்தான் போட்டு வருகிறார்கள்.

இப்போது நினைத்துப் பார், செல்வம். நூலைப் பற்றி அவளுக்கு நீ புதிதாகச் சொல்ல வேண்டியது எதுவும் இல்லை, பூனம் என்ன செய்யும் என்பதையும் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியில் அந்த நீலச் சேலையை வைத்திருக்கிறாளே தவிர, அதைக் கட்டி நான் பார்த்து வருடங்களாகின்றன. நீ அனுப்பிய துணியில் அவள் பார்த்தது நூலை இல்லை. நிறமில்லாத அந்த வெளுப்பை. "நம்ம அம்மா இந்த நெறத்துலதானக்கா செத்துச்சு" என்றாள் என்னிடம், நீ போனை வைத்த பிறகு. "அவன் கல்யாணத்துல, அவன் கூட வேலை பாக்கற பெரிய மனுசங்க எல்லாரும் வருவாக. அவுக முன்னாடி நான் கூலிக்காரி மாதிரி நிக்கணுமா?" உனக்கும் உன் கம்பெனிக்காரர்களுக்கும் அந்த நிறம் புதுசு, அழகு. வெளிநாட்டில் அதற்குத் தனி விலை என்று நீ சொன்னாய். அதை விட்டு ஓடிவந்தவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள் என்பது உனக்குத் தெரிய வழியில்லை. நீ சொல்வதும் சரி, அவள் சொல்வதும் சரி. இரண்டு சரியும் ஒரே வீட்டில் இருக்கும்போது யாராவது ஒருவர் முதலில் கேட்க வேண்டும். உனக்கு எது வேண்டும் என்று கேட்க வேண்டும். நல்லதைத்தானே செய்கிறோம் என்ற நினைப்பில் நாம் மறந்துபோவது அதைத்தான்.

கேட்டது தேவி. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள், ஆனால் நான் சொல்லிவிடுகிறேன், உன் பெண்டாட்டியாக வரப்போகிறவளின் குணம் உனக்குத் தெரிய வேண்டும். சித்தி அந்தச் சேலையை வேண்டாம் என்றாளாம் என்று உன் வாயால் கேள்விப்பட்டு, மறுநாளே இங்கே போன் செய்தாள். "சித்தி, உங்களுக்கு என்ன கலர் பிடிக்கும்?" என்றாள். வேறு ஒன்றும் பேசவில்லை. சித்தி முதலில் பிடி கொடுக்கவில்லை. "எனக்கென்னம்மா, எதுன்னாலும் சரி" என்றாள். "எதுன்னாலும் சரின்னா எனக்குத் தேடத் தெரியாது சித்தி. பட்டை, வேர் எல்லாம் போட்டுச் சாயம் ஏத்துற ஆளுங்க இங்க இருக்காங்க. மூணு நாலு கலர் நல்லா வருது. சொல்லுங்க" என்றாள் தேவி. சித்தி என்னைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். அப்புறம் சின்னப் பிள்ளை மாதிரி, "அரக்கு வருமா? மஞ்சக் கரை வச்சு?" என்று கேட்டாள்.

அந்தச் சேலை நேற்று வந்துவிட்டது. ஆழ்ந்த அரக்கு, மஞ்சள் கரை. நூல்தான், மருந்தடிக்காத நூல்தான், நீ கேட்டது எதுவும் குறையவில்லை. பார்சலுக்குள் தேவி ரவிக்கைத் துணியும் சேர்த்து வைத்திருந்தாள். நீ எனக்கு அனுப்பிய பழுப்பு வெள்ளையை நான் கட்டிக்கொள்கிறேன், எனக்கு அது பொருந்துகிறது என்று உன் அப்பாவே சொல்லிவிட்டார். இனி வீட்டில் ஒவ்வொன்றையும் தேவியிடமும் இப்படிக் கேட்டுச் செய். நீ படித்தவன், உனக்கு நிறையத் தெரியும். தெரிந்தவன் கேட்டால் கேட்கப்பட்டவருக்கு அது பெரிய மரியாதை.

இன்று காலை சித்தியோடு டெய்லர் வீட்டுக்குப் போயிருந்தேன். தீ விபத்துக்குப் பிறகு அவள் மணிக்கட்டு வரை கை வைத்த ரவிக்கைதான் போடுவாள், எந்த வெயிலிலும். நீ அதை ஒரு பழக்கம் என்று நினைத்திருப்பாய். டெய்லரம்மாவுக்கும் அது தெரியும். அளவு எடுத்துவிட்டு, "கை எப்பவும் போலத்தானக்கா?" என்று கேட்டார். சித்தி துணியைக் கையில் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வேண்டாம். முழங்கைக்கு மேல நிப்பாட்டிருங்க. அந்தப் புள்ள கண்ணாடி வளையலும் சேத்து அனுப்பிருக்கு, நான் எங்கன போடுறது?" என்றாள்.

அந்தக் கையை நீ இதுவரை பார்த்ததில்லை. மணவறையில் உன் நெற்றியில் திருநீறு பூச அது வரும்போது முதல்முறையாகப் பார்ப்பாய். செல்வம், அப்போது உன் முகம் மாறக்கூடாது. உன்னிடம் நான் கேட்பது அது ஒன்றுதான்.

உன்
அம்மா